மூன்றாவது வாரத்தில் நின்றுபோகும் உடற்பயிற்சி

தக்கலையில் வீடு, திருவனந்தபுரத்தில் அலுவலக வேலை. இரணியலில் ரயில் பிடிக்கக் காலை ஆறரைக்கே கிளம்ப வேண்டும், திரும்பி வர இரவு ஏழரை. கணவர் மஸ்கட்டில். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகளும் மாமியாரும் வீட்டில். வயது 38, போன மாதம் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சுகர் எல்லைக்கோட்டைத் தொட்டிருக்கிறது. இரண்டு தடவை ஜிம்மில் பணம் கட்டியும் ஒரு தடவை வீடியோ பார்த்து வீட்டிலும் தொடங்கி, மூன்று தடவையும் மூன்றாவது வாரம் வாக்கில் நின்றுவிட்டது. நேரமே இல்லாதவர்கள் எப்படி விடாமல் உடற்பயிற்சி செய்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். நேரம் கண்டுபிடிப்பது மட்டும் உங்கள் சிக்கல் என்று எனக்குத் தோன்றவில்லை. மூன்று தடவை தொடங்க நேரம் கிடைத்திருக்கிறதே. சின்னவனுக்குக் காய்ச்சல் வந்த வாரம் விட்டுப்போனது, அப்புறம் தொடவே இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். இடையில் விட்டுப்போனால் ஏன் திரும்பி வர முடிவதில்லை, எனக்கு மன உறுதி இல்லை என்பதுதான் காரணமா என்பதே நீங்கள் உண்மையில் கேட்பது. அதற்குத்தான் பதில் எழுதுகிறேன்.

நான் பிசியோதெரபிஸ்ட். நாகர்கோவில் பக்கம் இருபது வருடத்துக்கு மேலாக இதே தொழில். ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டுகிறவர்கள், தையல்காரர்கள், ஆசிரியர்கள், பேங்கில் உட்கார்ந்தே முதுகு பிடித்துப்போனவர்கள் என்று எல்லா வகையினரும் வருவார்கள். எல்லாருக்கும் வீட்டில் செய்யச் சொல்லிப் பயிற்சி கொடுத்தனுப்புவேன். அடுத்த முறை வரும்போது “செய்தியளா?” என்று கேட்டால் பலர் மின்விசிறியைப் பார்ப்பார்கள். ஆக, மனிதர்கள் உடற்பயிற்சியை எப்படி விடுகிறார்கள் என்பதை நிறையவே பார்த்திருக்கிறேன். ஆனால் நான் சர்க்கரை நோய் மருத்துவரும் இல்லை, இதய மருத்துவரும் இல்லை. அவர்கள் பேச வேண்டிய இடம் வரும்போது சொல்லிவிடுகிறேன்.

முதலில் அந்த மன உறுதி விஷயம். நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் மகா சிவராத்திரிக்கு சிவாலய ஓட்டம் நடப்பது உங்களுக்குத் தெரியும். முஞ்சிறை திருமலையில் தொடங்கித் திருநட்டாலம் வரை பன்னிரண்டு கோயில்கள், நூறு கிலோமீட்டருக்கு மேல், கையில் விசிறியோடு “கோவிந்தா, கோபாலா” என்று ஓடியும் நடந்தும் போய் முடிப்பார்கள். முடிந்த அடுத்த வாரம் முட்டி வீங்கி, உள்ளங்கால் கொப்புளத்தோடு என்னிடம் வரும் ஆட்களில் சிலர், சாதாரண நாளில் பால் வாங்கவும் பைக்கில் போகிறவர்கள். அத்தனை தூரம் ஓடியவருக்கு உறுதி இல்லை என்று யார் சொல்வது? நாள் குறித்தாகிவிட்டது, விரதம் தொடங்கியாகிவிட்டது, கூட வர நாலு பேர் இருக்கிறார்கள், பாதை தெரியும். அதனால் கால் தானாகப் போகிறது. மறுநாள் இதில் ஒன்றுமே இருப்பதில்லை. அதனால் யாராவது “எனக்கு வில்பவர் இல்லை” என்று சொன்னால் நான் பெரிதாகக் காதில் போட்டுக்கொள்வதில்லை. எந்த நாளை மனதில் வைத்துத் திட்டம் போட்டீர்கள் என்றுதான் கேட்பேன். நீங்கள் மூன்று தடவையும் நல்ல நாளை வைத்துப் போட்டிருக்கிறீர்கள்: பிள்ளைகள் நலம், ரயில் நேரத்துக்கு வரும், மழை இல்லை, விருந்தாளி இல்லை. அப்படிப்பட்ட நாள் மாதத்தில் எத்தனை வரும்?

இப்போது எதில் சந்தேகம் இல்லை என்று சொல்கிறேன். உலக சுகாதார நிறுவனம் 2020-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பெரியவர்களுக்கு வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான உடலுழைப்பு வேண்டும், கூடவே வாரத்தில் இரண்டு நாளாவது தசைக்கு வலு சேர்க்கும் பயிற்சி வேண்டும் என்கிறது. மிதமானது என்றால் பேச முடியும், பாட முடியாது. அந்த அளவு மூச்சு வாங்க வேண்டும். கவனித்தீர்களா, கணக்கு வாரத்துக்குத்தான். தினமும் என்ற சொல்லை நாமாகச் சேர்த்துக்கொண்டு, ஒரு நாள் விட்டதும் எல்லாம் போச்சு என்று உட்கார்ந்துவிடுகிறோம். இன்னொன்று, ஒரே மூச்சில் பத்து நிமிடமாவது செய்தால்தான் கணக்கு என்று முன்பு ஒரு நிபந்தனை இருந்தது. 2020-ல் அதையும் எடுத்துவிட்டார்கள். ஐந்து நிமிடமும் கணக்கில் சேரும். வாரம் முழுதும் முடியாமல் ஓரிரு நாளிலேயே மொத்த அளவையும் முடிப்பவர்களைப் பற்றிப் பெரிய அளவில் ஆய்வுகள் வந்திருக்கின்றன. அவர்களுக்கும் இதயநோய் அபாயம் ஏறக்குறைய அதே அளவு குறைகிறது. ஆனால் அவை மக்களைப் பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள். இவர் இப்படிச் செய், அவர் அப்படிச் செய் என்று பிரித்துச் செய்து பார்த்தவை அல்ல. அந்த வித்தியாசம் மனதில் இருக்கட்டும்.

சுகர் விஷயத்தில் இதைவிட உறுதியான ஆதாரம் இருக்கிறது, அதுவும் நம் தமிழ்நாட்டிலேயே. உங்களைப் போல எல்லைக்கோட்டில் இருந்த 531 பேரை வைத்துச் சென்னையில் நடந்த ஆய்வு 2006-ல் வெளியானது. வேகநடையும் உணவு மாற்றமும் கடைப்பிடித்தவர்களில் மூன்று ஆண்டுகளில் சர்க்கரை நோய்க்குப் போனவர்கள், வெறுமனே பொதுவான அறிவுரை பெற்றவர்களைவிட 28.5 சதவீதம் குறைவு. சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் கிடைத்த பலனும் கிட்டத்தட்ட இதே அளவுதான். இதில் உணவின் பங்கு எவ்வளவு, நடையின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது. அதனால் நடந்தால் மட்டும் போதும், சாயாவுக்குப் பழம்பொரி தொடரலாம் என்று எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்து, எல்லாரும் உறுதியாகச் சொல்லும் ஆனால் அவ்வளவு உறுதியில்லாத விஷயங்கள். 21 நாள் செய்தால் பழக்கமாகிவிடும் என்பது முதலில். இது 1960-ல் ஓர் அமெரிக்க பிளாஸ்டிக் அறுவைச் சிகிச்சை மருத்துவர், நோயாளிகள் தங்கள் புதிய முகத்துக்குப் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று எழுதியதிலிருந்து கிளம்பியது. அந்தக் குறைந்தது என்ற சொல் வழியிலேயே உதிர்ந்துவிட்டது. உண்மையில் அளந்து பார்த்தவர்கள் லண்டனில் இருக்கிறார்கள். 96 பேரை வைத்து நடத்திய அந்த ஆய்வில், ஒரு செயல் யோசிக்காமல் நடக்கும் அளவுக்குப் பழக ஆன காலத்தின் நடு அளவு 66 நாள். ஆளுக்கு ஆள் 18 நாள் முதல் 254 நாள் வரை வேறுபட்டது. தண்ணீர் குடிப்பது போன்றவை சீக்கிரம் பழகின, உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் பிடித்தது. ஆய்வே பன்னிரண்டு வாரம்தான் நடந்தது என்பதால் அந்த 254 நேரடியாக எண்ணியது இல்லை, கணக்குப் போட்டு நீட்டியது. சிறிய ஆய்வு, அவரவர் சொன்னதை வைத்துச் செய்தது. அதனால் 66 என்ற எண்ணையும் வேதவாக்காகப் பிடித்துக்கொள்ளாதீர்கள். எனக்கு அதில் பிடித்தது வேறொன்று: இடையில் ஒரு நாள் விட்டவர்களுக்குப் பழக்கம் உருவாவதில் சொல்லும்படியான பின்னடைவு எதுவும் தெரியவில்லை. நீங்கள் மூன்றாவது வாரத்தில் விட்டது, பழக்கம் பிடிக்க இன்னும் வெகுநாள் இருக்கும்போதே. அதைத் தோல்வி என்று ஏன் எழுத வேண்டும்?

எங்கே, எப்போது, எதற்குப் பிறகு செய்வேன் என்று முன்கூட்டியே எழுதி வைத்தால் செய்வார்கள் என்பது இன்னொன்று. 2002-ல் வந்த ஒரு பிரிட்டிஷ் ஆய்வில் அப்படி எழுதியவர்களில் 91 சதவீதம் பேர் செய்தார்கள், எழுதாதவர்களில் 40 சதவீதத்துக்கும் குறைவு. கேட்க அருமையாக இருக்கும். ஆனால் அவர்கள் கல்லூரி மாணவர்கள், அந்த வாரத்தில் ஒரு தடவை செய்தாலே கணக்கு. பின்னால் வந்த ஆய்வுகளில் பலன் இருக்கிறது, இந்த அளவுக்கு இல்லை. எழுதி வைப்பதால் செலவு ஒன்றும் இல்லை என்பதால் நான் எழுதத்தான் சொல்வேன்.

பத்தாயிரம் அடி கணக்கும் அப்படித்தான். 1960-களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பரவியது அது. ஏழாயிரம் எட்டாயிரத்திலேயே பெரும்பங்கு நன்மை கிடைத்துவிடுகிறது.

சரி, விட்டுப்போன வாரத்துக்கு வருவோம், உங்கள் கேள்வியின் முடிச்சு அங்கேதான். முழுதாக நிறுத்தினால் மூச்சுத்திறன் இரண்டு முதல் நான்கு வாரத்தில் இறங்கத் தொடங்கும். தசை வலு அதைவிடக் கொஞ்சம் தாக்குப்பிடிக்கும். ஆனால் முழுதாக நிறுத்தாமல் குறைத்துக்கொண்டால் கதை வேறு. 1980-களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செய்து பார்த்தார்கள்: வாரம் ஆறு நாள் கடுமையாகப் பயிற்சி செய்தவர்களை இரண்டு நாளாகக் குறைக்கச் சொன்னார்கள். வேகத்தைக் குறைக்காதவரை, பதினைந்து வாரம் கழித்தும் அவர்களுடைய மூச்சுத்திறன் பெரும்பாலும் அப்படியே இருந்தது. தசைப் பயிற்சியிலும், 2011-ல் வந்த ஓர் ஆய்வில், முதலில் செய்த அளவில் ஒன்பதில் ஒரு பங்கு மட்டும் தொடர்ந்தவர்கள் பல மாதம் வலுவைத் தக்கவைத்தார்கள். வயதானவர்களுக்குத் தசையின் பருமன் மட்டும் கொஞ்சம் குறைந்தது. இவர்கள் முறையாகப் பயிற்சி பெற்றவர்கள், உங்களுக்கு அச்சுப் பிசகாமல் அப்படியே பொருந்தும் என்று சொல்ல மாட்டேன். இருந்தாலும் திசை தெளிவு: ஏற்றுவதற்கு நிறைய வேண்டும், பிடித்து வைக்கக் கொஞ்சம் போதும். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த வாரத்தில் உங்கள் வேலை முன்னேறுவது இல்லை, பிடித்து வைப்பது. அதனால் இரண்டு அளவு வைத்துக்கொள்ளச் சொல்கிறேன், ஒன்று நல்ல வாரத்துக்கு, ஒன்று கெட்ட வாரத்துக்கு. கெட்ட வாரத்து அளவை இன்றைக்கே, மனம் நன்றாக இருக்கும்போதே முடிவு செய்யுங்கள். காய்ச்சல்காரப் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு யாரும் திட்டம் போட முடியாது.

நல்ல வாரம் எப்படி இருக்கலாம் என்று உங்கள் நாளை வைத்தே பார்க்கிறேன். விடியற்காலையில் எழுந்து ரோட்டில் நடங்கள் என்று சொல்ல மாட்டேன். நம் ரோடுகளில் நடைபாதை கிடையாது, இருட்டு, தெருநாய், நாலரைக்கு எழுந்து சமைக்கிற பெண்ணின் தூக்கத்தில் இன்னும் அரை மணி பிடுங்குவது. ஆறு மணி நேரத்துக்குக் கீழே போகும் தூக்கத்தை வெட்டி உடற்பயிற்சி செய்வது லாபமா நஷ்டமா என்று என்னைக் கேட்டால், நஷ்டம் என்பேன்; இது என் கருத்து. மழையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு, இரண்டு பருவமழையும் பெய்யும் மாவட்டம் இது. காய்ந்த ரோட்டை நம்பிய திட்டம் ஆண்டில் பாதி நாள் நனையும்.

ஆனால் உங்களிடம் தவறாமல் நடக்கும் ஒன்று இருக்கிறது. தினமும் இரவு ஒன்பது மணிக்குக் கணவர் கூப்பிடுவார், இருபது நிமிடம், அரை மணி பேசுவோம் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போங்கள். மழையென்றால் ஹால், வராந்தா. உட்காராமல் பேசுங்கள். முதல் ஐந்து நிமிடம் மெதுவாக, அப்புறம் உங்களுக்கு மூச்சு வாங்குவது அவருக்கு லேசாகக் கேட்கும் வேகம். வீடியோ கால் வேண்டாம், பேச்சு மட்டும். திரையைப் பார்த்துக்கொண்டு நடந்தால் தடுக்கும். இரவுச் சாப்பாட்டுக்குப் பின் நடப்பது சாப்பாட்டால் ஏறும் சர்க்கரையைக் குறைக்கும் என்பதற்கு நல்ல ஆதாரம் இருக்கிறது, உங்களுக்கு அது இரட்டை லாபம். ஐந்து நாளுக்கு நூறு நிமிடம் வந்துவிட்டது. மீதி ஐம்பது? திருவனந்தபுரம் ஸ்டேஷன் இருக்கும் தம்பானூரில் இறங்கி அலுவலகத்துக்குப் போக வர ஆட்டோ என்கிறீர்கள், நடந்தால் பத்து நிமிடம். காலையில் வேண்டாம், வியர்க்கும், சேலை கசங்கும், நேரமும் நெருக்கும். மாலையில் ஸ்டேஷனுக்குத் திரும்பும்போது மட்டும் நடங்கள். கணக்கு முடிந்தது, ஆட்டோக் காசும் மிச்சம்.

வலுப் பயிற்சிக்கு வாரம் இரண்டு நாள் வேண்டும். சம்பா அரிசி வேக நேரம் எடுக்கும் அல்லவா, அந்த நேரம் போதும். நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பிளாஸ்டிக் நாற்காலி வழுக்கும். முன்விளிம்பில் உட்கார்ந்து, பாதம் இரண்டும் தோள் அகலத்தில், குதிகால் முட்டிக்குச் சற்றுப் பின்னால். கையை நெஞ்சில் கட்டிக்கொண்டு, மூக்கு கால்விரலுக்கு மேலே வரும் வரை முன்னால் சாய்ந்தால் இடுப்பு தானாகத் தூக்கும். எழுந்து நிமிர்ந்து நில்லுங்கள். இனிதான் முக்கியம்: உட்காரும்போது ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி மெதுவாக இறங்க வேண்டும். பொத்தென்று விழுந்தால் பாதிப் பயன் போச்சு. எட்டு தடவை. முட்டி வலித்தால் தலையணை வைத்து இருக்கையை உயர்த்துங்கள். சில வாரங்களில் இது எளிதாகிவிட்டால் பெரியவனின் ஸ்கூல் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எழுங்கள்; நம் பிள்ளைகள் சுமக்கும் கனத்துக்கு அதுவே ஜிம். அடுத்து அடுக்களை மேடையின் விளிம்பில் கை ஊன்றி, உடம்பைப் பலகை போல நேராக வைத்து நெஞ்சை மேடைக்குக் கொண்டுபோய்த் தள்ளி எழுவது எட்டு. மேடை ஈரமாக இருந்தால் துடைத்துவிட்டு. அங்கேயே பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது பன்னிரண்டு. மூன்றையும் இரண்டு சுற்று. பத்து நிமிடத்துக்குள் முடிந்துவிடும்.

கெட்ட வாரத்து அளவு: நாற்காலியில் எட்டு தடவை, இரண்டு நாள். போன் வரும்போது ஐந்து நிமிடம் நின்று நடப்பது. அவ்வளவுதான். சிரிப்பு வரும், வரட்டும். அடுக்களை காலண்டரில் ஞாயிறுதோறும் ஒரு குறி போடுங்கள், நல்ல வாரமா கெட்ட வாரமா என்று. நாள்தோறும் குறி போட வேண்டாம்; விட்டுப்போன கட்டங்கள் உங்களைப் பார்த்து முறைக்கும். ஒன்றுமே செய்யாத வாரம் அடுத்தடுத்து இரண்டு வராமல் பார்த்துக்கொண்டால் போதும். திருவிழா, கல்யாணம், பரீட்சை, பிள்ளைகளின் சளி எல்லாம் கழித்துப் பார்த்தால் ஆண்டில் பாதிக்கு மேல் நல்ல வாரம் அமைந்தாலே நான் கைதட்டுவேன். மாமியாரிடமும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், ஒன்பது முதல் ஒன்பது இருபது வரை பிள்ளைகள் அவர் பொறுப்பு என்று. நேரமில்லை என்பது பல வீடுகளில் உண்மையில் கை மாற்றிவிட ஆளில்லை என்பதுதான். இதைப் பெண்களிடம் மட்டும் உபதேசமாகச் சொல்லிவிட்டுப் போவது எனக்குப் பிடிக்காது.

நாள் முழுக்க வீட்டுவேலை செய்கிறேனே, அது சேராதா என்றும் கேட்டிருந்தீர்கள். மூச்சு வாங்கும் அளவுக்கு இருந்தால் சேரும். முற்றம் பெருக்குவது, வாளியில் தண்ணீர் தூக்குவது சேரலாம். நின்றுகொண்டே சமைப்பது சேராது. வேலைக்காகப் படும் உடலுழைப்பும் விருப்பத்துக்குச் செய்யும் பயிற்சியும் இதயத்துக்கு ஒரே பலன் தருமா என்பதில் ஆய்வாளர்களே இன்னும் ஒத்துப்போகவில்லை. ஓய்வில்லாமல் பல மணி நேரம் உழைப்பவர்களுக்கு அந்தப் பலன் கிடைப்பதில்லை என்று ஒரு தரப்பு சொல்கிறது. என்னிடம் வரும் பால்வெட்டுத் தொழிலாளிகள் தினமும் நூற்றுக்கணக்கான மரங்களுக்கு நடந்து குனிந்து நிமிர்கிறார்கள். முதுகுவலி அவர்களை விட்டபாடில்லை. அதனால் வீட்டுவேலையை நான் முழுக் கணக்கில் எடுக்க மாட்டேன், தள்ளவும் மாட்டேன்.

நடக்கும்போது நெஞ்சில் இறுக்கம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, வழக்கத்துக்கு மீறிய மூச்சுத்திணறல், தலைச்சுற்றல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள், என்னிடம் வராதீர்கள். சர்க்கரைக்கு மாத்திரை தொடங்கினால், உடற்பயிற்சியோடு சேர்ந்து அது சர்க்கரையை மிகவும் இறக்கிவிடும் வகையா என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். சில மாத்திரைகளும் இன்சுலினும் அப்படிச் செய்யும்.

கடைசியாக, ஸ்மார்ட் வாட்ச், புது ஷூ இரண்டும் வாங்கணுமா என்ற கேள்வி. மொட்டைமாடிக்கு ஷூ எதற்கு, பின்னால் வார் வைத்த பழைய செருப்பு போதும். வாட்ச் ஆசைக்கு வாங்கினால் வாங்குங்கள், அவசியம் இல்லை. அந்தக் காசில் எச்பிஏ1சி பரிசோதனை எடுங்கள், ஆனால் இப்போதே ஓடாதீர்கள். அது ரத்தச் சர்க்கரையின் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியைக் காட்டுவது. தொடங்கி மூன்று மாதம் கழித்து எடுத்தால்தான் நீங்கள் நடந்தது அதில் தெரியும்; மூன்றாவது வாரத்தில் எடுத்தால் காசுக்குக் கேடு.